துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்த நாள்

குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்திருந்தது. இலையின் ஒரு பக்கம் என் தொழில் சாமான்கள்: பெரிய கத்தரிக்கோல், அளவு டேப், ஊசிப் பெட்டி. தையல் மெஷினைத் தூக்கிவர முடியாது என்பதால் அது இருந்த இடத்திலேயே பொட்டு வாங்கிக்கொண்டு நின்றது. இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரருடைய கார் சாவி, ஸ்பேனர், ஜாக்கி. நடுவில் நீட்டமாக, என் மகள் யமுனாவின் துப்பாக்கி. கட்டையில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் நடுவே குங்குமம், குழலைச் சுற்றி ஒரு முழம் சாமந்தி.

ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வைப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வைத்தது யார் என்பதுதான் அதிசயம். அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை என் வீட்டுக்காரர் அதன்மேல் விரல் நுனிகூட வைத்ததில்லை. வழியில் கிடந்தால் தாண்டிப் போவாரே தவிர நகர்த்த மாட்டார். "ஏ யமுனா, இத்த எடு" என்று குரல் மட்டும் வரும்.

"ஏங்க, இத இங்க யாரு வெச்சது?"

"நாந்தான்." ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டே சொன்னார். "காரு என்னுது. மெஷினு உன்னுது. அவளுதுன்னு ஒண்ணு வெக்க வேணாமா?"

"அதான் அவ புக்கெல்லாம் வெச்சிருக்கோமே."

"புக்கு எல்லாருந்தான் வெக்கிறாங்க."

இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே போய்த் தலையைத் துவட்டினேன். மறுநாள் காலையில் யமுனாவுக்கு மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. ஒருவேளை அதனால் இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் இதற்கு முன்பும் அவளுக்குப் போட்டிகள் வந்து போயிருக்கின்றன. அப்போதெல்லாம் அவர் டூட்டிக்குக் கிளம்பிப் போய்விடுவார்.

ஓட வேண்டாத விளையாட்டு

போன வாரம் தொம்மலூரில் நான் தையல் கடை போட்ட கதையை எழுதியிருந்தேன். அதில் என் மகள் துப்பாக்கி சுடுவாள் என்று ஒரு வரி வந்தது. 'இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் லைனிங் துணிக்குப் போய்விட்டீர்களே' என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. எனக்கே அது சரியாகப் புரியாத விஷயம் என்பதால்தான் லைனிங் துணிக்கு ஓடிவிட்டேன்.

யமுனாவுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். கல்லூரியில் சேர்ந்தபோது ஏதாவது ஒரு விளையாட்டு கட்டாயம் என்றார்கள். கபடி, கோ-கோ, வாலிபால் எல்லாவற்றிலும் ஓட வேண்டும், குதிக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் வந்து, "ஓடவே வேணாத கேம் ஒண்ணு இருக்கும்மா. நின்ன எடத்துல நிக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

நிற்பது நல்லதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். நின்றுகொண்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, சத்தமும் அதிகம் கிடையாது. மிளகு அளவில் ஒரு ஈயக் குண்டு. பத்து மீட்டர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம், அதற்கு நடுவில் குண்டூசித் தலை மாதிரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் அடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் முக்கால்வாசி வேலையாம். மூச்சுக்குத் திண்டாடிய பெண் மூச்சை அடக்கும் விளையாட்டில் போய்ச் சேர்ந்தாள். டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நல்லதுதான் என்றார். எதற்கு நல்லது என்று சொல்லவில்லை.

பயிற்சி கொடுத்த ஷைலஜா மேடம் கன்னடக்காரர். எங்கள் பக்கத்துத் தமிழும் கலந்து பேசுவார். கண்டிப்பானவர். ஒரு நாள் என் கடைக்கே வந்து, "உங்க பொண்ணு கை ஆடாது. தும்ப அபரூப, ரொம்ப அபூர்வம்" என்றார். அந்த மாதம் சீட்டு எடுத்து, அவருடைய பழைய மாணவி ஒருத்தி வெளிநாடு போகும்போது விட்டுப்போன துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவேயில்லை. அவர் ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். சின்ன வயதில் அவருடைய சித்தப்பா மகன் குருவி சுடப் போய், கூடப் போன பையன் கை தவறியதில் ஒரு கண்ணை இழந்துவிட்டான். இவர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்கப்புறம் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடைப் பக்கம்கூட வர மாட்டார்.

"பொட்டப்புள்ள கைக்கு இது இன்னாத்துக்கு?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். யமுனா பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் மற்ற எல்லாம் பேசுவார்கள், சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள், எனக்குத் தெரியாமல் பானிபூரி தின்றுவிட்டு வருவார்கள். துப்பாக்கி என்ற பேச்சு மட்டும் எடுக்க மாட்டார்கள்.

அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது என்று எனக்குத் தெரியும். மெடல் வாங்கி வந்தால் நேராக என்னிடம் காட்டிவிட்டு, பிறகு அதை டி.வி. மேல் வைப்பாள். அவர் பார்ப்பார். தூசி தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டுவார். ஒன்றும் கேட்க மாட்டார். அவள் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பாவாடைக்கு நாடா கோர்த்த கதை

துப்பாக்கியை விற்ற பெண் பெட்டியைக் கொடுத்தாள், துடைக்கும் சாமான்களைக் கொடுக்கவில்லை. எங்கோ தொலைந்துவிட்டதாம். புதிது வாங்கலாம் என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். "நாமளே பண்ணிக்கலாம்மா, யூட்யூப்ல போட்டிருக்காங்க" என்றாள் யமுனா.

குழலுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே சுருள் சுருளாக வரிகள் ஓடின. கம்பி விட்டுத் துடைக்கக் கூடாதாம், அந்த வரிகளில் கீறல் விழுந்துவிடுமாம். ஒரு கயிற்றை ஒரு பக்கம் நுழைத்து மறு பக்கம் எடுத்து, அதன் நுனியில் துணியைக் கட்டி இழுக்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடைக்கு நாடா கோர்ப்பதுதானே, இதற்கு எதற்கு யூட்யூப்?

முதலில் நைலான் தையல் நூலை நாலு மடிப்பாகத் திரித்தேன். பழைய பனியனில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன். குழலைச் சாய்த்து நூலை இறக்கி, மறு பக்கம் வந்ததும் இழுத்தேன். பாதி வழி வந்தது, அப்புறம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நூல் மட்டும் கையோடு வந்தது.

"அம்மா!"

"இரு, கத்தாதே."

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, உள்ளே விட்டுத் தள்ளினேன். அது ஒடிந்து உள்ளேயே நின்றது. இப்போது குழலுக்குள் பனியன் துண்டும் ஈர்க்கும் இரண்டும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யமுனாவுக்கு அழுகை வருவது போலிருந்தது. ஆனால் சிரித்துவிட்டாள்.

கடைசியில் தெருமுனை எலக்ட்ரிக் கடையில் ஒற்றைக் கம்பி ஒயர் ஒரு துண்டு வாங்கி வந்தோம். உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. வளையாமல் நின்றது, கீறவும் இல்லை. அதை விட்டு மெதுவாகத் தள்ளியதில் இரண்டும் மறு பக்கம் வந்து விழுந்தன.

அதன்பிறகு ஒழுங்காகச் செய்தோம். மீன் பிடிக்கும் தடித்த நரம்பு வாங்கி, ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருட்டிக்கொண்டேன். மறு நுனியில் சின்னக் கண்ணி. துணிக்குப் பனியன் ஆகாது என்று தெரிந்துவிட்டதால், கைக்குழந்தைக்கு ஜப்லா தைத்து மிச்சமான ஃபிளானலை நகக்கண் அளவுக்கு நறுக்கினேன். விசைப் பக்கம் தூசி எடுக்கப் பழைய டூத் பிரஷ். துடைக்கும்போது துப்பாக்கி உருளாமல் இருக்க, ஒரு செருப்புப் பெட்டியின் இரு பக்கத்திலும் பள்ளம் வெட்டி, ஜாக்கெட்டின் மார்புப் பக்கம் வைத்துத் தைக்கும் பஞ்சுப் 'பேட்'களை அதில் ஒட்டினேன். அந்தப் பெட்டியைப் பார்த்த என் வீட்டுக்காரர் இது என்ன என்று கேட்க வாயெடுத்தார். பிறகு அந்தப் 'பேட்' எதற்கானது என்று தெரிந்துகொண்டு வந்த வழியே போய்விட்டார்.

எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தோம். யமுனா ஒரே ஒரு தடவைதான் அதை எடுத்துப் பயன்படுத்தினாள். "இத அடிக்கடி பண்ணக் கூடாதும்மா. எப்பவோ ஒரு தடவ போதும்" என்றாள். தலையணை உறையைத் துவைப்பது பற்றியும் அவள் இதையேதான் சொல்வாள். அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துணி வெள்ளையாக வரும் வரை

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பூஜை என்றால் எங்கள் வீட்டில் சாமான்களைத் துடைப்பதும் பூஜைதான். வீட்டுக்காரர் வைட்ஃபீல்ட் கம்பெனி ஒன்றுக்குக் கார் ஓட்டுகிறார். வருஷம் முழுக்க எப்படி இருந்தாலும் ஆயுத பூஜைக்கு முன் அந்தக் காரை அவர் துடைக்கும் அழகைப் பார்க்க வேண்டும். கால் மிதியடியைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பக்கத்தைக்கூடத் தேய்ப்பார். ஏ.சி. காற்று வரும் இடுக்கில் பட்ஸ் விட்டுத் துடைப்பார்.

யமுனா விடிகாலையிலேயே மேடத்தோடு உடற்பயிற்சிக்குப் போயிருந்தாள், மேடம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம்தான் வருவாள். பண்டிகை என்பதால் சுடும் கூடம் மூடியிருந்தது. அதனால் துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து, "அந்தத் துடைக்கிற டப்பா எங்க வெச்சிருக்கே?" என்றார். கார் இடுக்குக்குத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மெஷின் எண்ணெய் எங்கே என்றும் கேட்டார். சொன்னேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் மூலையில் விரித்திருந்த செய்தித்தாளைக் கவனித்தேன். அதன்மேல் என் ஃபிளானல் துண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். முதல் துண்டு கரி. அடுத்தது சாம்பல். அப்படியே வெளுத்துக்கொண்டே போய், கடைசித் துண்டு நான் நறுக்கியது போலவே வெள்ளையாக இருந்தது.

"பாரு, எவ்ளோ அழுக்கு உள்ள" என்றார். "இத்தோட எப்பிடித்தான் சுட்டுக்கினு இருந்தாளோ. எண்ணெ வேற உட்டிருக்கேன். இப்ப பளபளன்னு கீது."

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கும் மனசு நிறைந்துபோய்விட்டது. இரண்டு வருஷமாகத் தாண்டிப் போன சாமானை மடியில் வைத்துத் துடைத்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எங்கே கூச்சப்பட்டு எடுத்து உள்ளே வைத்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன். அன்று அவர் அதை ஏன் கையில் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுத்துப் புழங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலை மறுபூஜை செய்த பிறகுதான் எடுக்கலாம். ஒரு வருஷம் வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு அம்மா, கொலுவுக்குப் போக வேண்டும், ஜாக்கெட் கொக்கி பிய்ந்துவிட்டது என்று ஆட்டோ பிடித்து ஓடி வந்தார். ஊசி சாமி முன்னால் இருந்தது. கொக்கி வைக்காமல் ஊக்குப் போட்டு அனுப்பினேன். இரவெல்லாம் அந்த ஊக்கு குத்தியிருக்கும். ஆனாலும் அவர் வாடிக்கையை விடவில்லை.

அதனால் யமுனாவின் துப்பாக்கியும் அன்று முழுக்க இலையில்தான் இருந்தது.

தோசைக்கல்

சாயந்திரம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பூஜையைப் பார்த்துவிட்டாள். அசையாமல் நின்றாள்.

"அப்பாவா வெச்சாரு?" என்று கண்ணாலேயே கேட்டாள். சமையலறை வாசலில் நின்றபடியே தலையாட்டினேன். அவள் கன்னம் இரண்டும் மேலேறிப் பொரித்த அப்பளம் போல ஆகிவிட்டன. கிட்டே போய் உட்கார்ந்து, குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து குழல் வாயை முகர்ந்தாள். போனில் டார்ச் போட்டு உள்ளே பார்த்தாள்.

எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்தாள். முகம் மாறியிருந்தது.

"அம்மா, உள்ள தொடச்சது யாரு?"

"அப்பாதான். அந்த டப்பாவ வாங்கிக்கினு போயி…"

"எவ்ளோ நேரம்?"

"துணி வெள்ளையா வர்ற வரைக்கும்."

அவள் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாகத் துடைத்துவிட்டாரா, கீறல் விழுந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, ரொம்ப நன்றாகத் துடைத்துவிட்டார் என்றாள். அது தப்பா என்றேன். ஆமாம் என்றாள்.

குண்டு போகப் போக உள்ளே ஈயம் மெல்லிசாகப் படியுமாம். அந்தப் படிவு சீராக இருந்தால்தான் எல்லாக் குண்டும் ஒரே மாதிரி போகுமாம். துடைத்து எடுத்துவிட்டால், அதிலும் எண்ணெய் விட்டால், மறுபடி படிகிற வரைக்கும் குண்டு ஒன்று இங்கே போகும், ஒன்று அங்கே போகும். போட்டி நெருங்கும்போது குழலைத் தொடவே மாட்டார்களாம்.

"அழுக்கா இருந்தாத்தான் நேராப் போவுமா?" என்றேன்.

"அழுக்கில்லம்மா அது."

"பின்ன?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அடுப்புப் பக்கம் பார்வை போனது. பழகின தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டால் முதலில் ஊற்றுகிற நாலைந்து தோசையும் பிய்ந்துதான் வரும். அதுபோலவா என்று கேட்டேன். "அதேதாம்மா!" என்றாள். விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் என்ன செய்வது என்று புரியவில்லை. இன்றைக்கே நாலைந்து தோசை ஊற்றிப் பார்க்கலாம் என்றால் சுடும் கூடம் மூடியிருக்கிறது. நாளைக் காலையில் போட்டி.

"போட்டிக்கு முன்னால பாத்துக்க டைம் குடுப்பாங்க. கால் மணி நேரம். எவ்ளோ வேணும்னாலும் சுடலாம். அதுக்குள்ள சரியாவுதான்னு பாக்கணும்" என்றாள். ஆகுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். மகள் வந்தது தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாத்துட்டாளா?" என்றார்.

"பாத்தேன்ப்பா."

"உள்ள பாத்தியா? கண்ணாடி மாதிரி கீதா?"

நான் அவளைப் பார்த்தேன். ஒரு நொடிதான். அவள் எழுந்து நின்றாள்.

"சக்கத்தா இருக்குப்பா. சூப்பரா பண்ணியிருக்கீங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே பொரியை அள்ளி அவள் கையில் கொடுத்தார். "நாளைக்கு நாந்தான் வண்டி எடுக்கறேன். ரெண்டு பேரும் ஏறிக்குங்க" என்றார்.

ஊர்ந்த புள்ளிகள்

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, கார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். துப்பாக்கிப் பெட்டியை அவரே தூக்கி வந்து டிக்கியில் வைத்தார். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். வழக்கமாக அதற்குத் திட்டுகிறவர் அன்று ஒன்றும் சொல்லாமல் வளைத்து வளைத்து ஓட்டினார்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் மனுஷன் துடித்துப்போவார். இனி அந்தப் பெட்டியின் பக்கமே வர மாட்டார். சொல்லாமல் விட்டால், மகள் அங்கே தனியாக நின்று தவிக்கப்போகிறாள். இதில் எது நல்லது என்று எனக்குப் பிடிபடவில்லை. முன் சீட்டில் யமுனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

சுடும் கூடத்தில் சாமான்களைப் பரிசோதித்தவர் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார், துடைத்துவிடச் சொன்னார். அவள் குழல் மேலிருந்ததைத் துடைத்தாள். கட்டையில் கன்னம் படும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை.

நாங்கள் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே ஒரு சின்னத் திரை. சுட்டது எங்கே பட்டது என்று அதில் புள்ளி விழும். சரிபார்க்கும் நேரம் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் நிதானமாக ஒன்று சுடுவதும், யோசிப்பதும், தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார்கள். எங்கள் பெண் மட்டும் குண்டு போட்டாள், சுட்டாள், போட்டாள், சுட்டாள். நிமிரவேயில்லை. திரையில் புள்ளிகள் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம் ஓரமாக ஒன்று.

ஷைலஜா மேடம் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நல்லாத்தான் சுடறாளா?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

"தெரிலீங்க."

"நடுவுல படணும்ல?"

"ஆமாங்க."

"இது இன்னாத்துக்கு இப்பிடி ஊருது?"

அவர் கையில் இருந்த தண்ணீர் பாட்டில் கசங்கிச் சத்தம் போட்டது. அந்தப் பெரிய கூடத்தில் என் மகளின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் கட்டிக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

நேரம் முடிந்து போட்டி தொடங்கியபோதும் புள்ளிகள் முழுசாக அடங்கவில்லை. மதிப்பெண் வரிசைப்படி மாறிக்கொண்டிருந்த பெயர்ப் பட்டியலில் அவள் பெயரைத் தேடினேன். கடைசிக்கு முன்னால் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஒன்று நடந்தது. புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கிவர ஆரம்பித்தன. அவள் பெயர் ஒரு வரி ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி. என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, திரையில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு இருப்பது போலத்தான் தெரிந்தது.

அவள் பெயர் ஏறி ஏறி, அணிக்கு எடுக்கும் கடைசிப் பெயருக்கு நேர் கீழே வந்து நின்றது. அங்கேயே போட்டி முடிந்துவிட்டது. மேலே இருந்த பெண்ணுக்கும் இவளுக்கும் வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான்.

கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல்தான் தட்டினேன்.

அவள் சொன்ன பொய்

மேடம் வேகமாக வந்தார். நாங்களும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

"ஏனாய்த்து யமுனா? முதல்ல என்ன ஆச்சு?"

"கை நடுங்கிடுச்சு மேடம்."

"உன் கை நடுங்காது. கொடு இத." துப்பாக்கியை வாங்கி, திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். "பேரல் க்ளீன் பண்ணியிருக்கு! எண்ணெ வேற! யாரு மாடித்து, யாரு பண்ணது?"

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். அவருக்கு அதற்குள் பாதி புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் யமுனா பின்பக்கம் கை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் மேடம். பூஜைக்குன்னு தொடச்சிட்டேன்."

"புத்தி பேடவா, அறிவு வேணாமா உனக்கு? எத்தன தடவ சொல்லியிருக்கேன்! செலக்சனுக்கு மொதல் நாள் யாராவது குழலத் தொடுவாங்களா? டீம்ல இருக்க வேண்டியவ நீ. கைல இருந்தத கீழ போட்டுட்டே."

அவர் இன்னும் திட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. யமுனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிடித்த கையை விடவேயில்லை. டிராஃபிக் போலீஸோடுகூட நின்று வாதாடுகிற என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

காரில் ஏறினோம். சிக்னலில் நின்றோம், கிளம்பினோம், மறுபடி நின்றோம். எங்கள் தெருவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். திடீரென்று அவர் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். கண்ணாடி வழியே நேராக ரோட்டையே பார்த்தார்.

"தொடச்சதுதான் தப்பா?"

"ம்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து சாயந்தரமே."

"தெரிஞ்சிக்கினே சூப்பரா கீதுன்னியே. இன்னாத்துக்கு அப்பிடிச் சொன்னே?"

யமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டேன். அவள் உடம்பு குலுங்கியது. தோற்றதற்கு அழுகிறாளா, வேறெதற்கோ அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நான் இனிமே அத்தத் தொட்றதே இல்ல" என்றார் அவர். "சாமி சத்தியமா தொடமாட்டேன்மா."

அவள் சட்டென்று திரும்பினாள்.

"தொடுங்கப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உள்ள மட்டும் வேணாம். வெளிய எவ்ளோ வேணும்னாலும் தொடைங்க."

அவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை.